ஓவியர் மகன் அளந்த நாடு

திருவிதாங்கூரின் பழைய நிலையைப் பற்றி எழுதப் புகுவோர் எவராயினும் சில பக்கங்கள் செல்வதற்குள் வார்டு, கானர் என்ற இரு பெயர்களைச் சொல்லாமல் விடுவதில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் இந்நாட்டு மக்கள்தொகை எவ்வளவு? வார்டும் கானரும் சொல்வர். மலைக்கணவாய்கள் எத்தனை, எது வண்டி செல்லும் வழி, எது காளை மட்டும் செல்லும் வழி? அதையும் அவர்களே சொல்வர். ஒரு நுகத்தில் பூட்டிய இரட்டை மாடுகள்போல இவ்விரு பெயர்களும் அடிக்குறிப்புகள்தோறும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கின்றன. பெயர் நிலைத்தது, பெயருக்குரிய மனிதர் யார், எங்கே பிறந்தார், எப்படி மாண்டார் என்று கேட்பார் மட்டும் இல்லை.

இருவருள் வார்டின் வாழ்வையே இங்கு எழுத எடுத்துக்கொண்டேன். கானர் இளமையிலேயே மறைந்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வார்டின் காலடிகளோ நம் மன்றத்து மாணவர்கள் வந்து சேர்ந்திருக்கும் ஊர்கள் பலவற்றின்மேலும் பதிந்தவை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோட்டிலிருந்து வந்தவர்கள் நம்மிடையே உளர். செங்கோட்டை நண்பர்கள் உளர். கொடைக்கானல் மலையடிவாரத்துப் பெரியகுளத்தாரும் உளர். இவ்வூர்கள் யாவற்றையும் ஒரு மனிதர் தம் வாழ்நாளில் நடந்து அளந்தார் என்றால் வியப்பன்றோ?

தந்தையிலிருந்து தொடங்குவோம். பிரான்சிஸ் ஸ்வெயின் வார்டு என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேயர். வாளோடு தூரிகையும் பிடித்தவர். இடையில் படையை விட்டுத் தாய்நாடு சென்றார். இலண்டனில் ஓவியக் காட்சிகளில் தம் படங்களை வைத்தார். 1773-ஆம் ஆண்டில், இந்தியக் கட்டடங்களையும் காட்சிகளையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பத்து ஓவியங்களைக் கம்பெனிக்குப் பரிசாக அளித்தார். திருச்சி மலைக்கோட்டை அவர் தீட்டிய காட்சிகளுள் ஒன்று. கம்பெனியும் நன்றி மறக்கவில்லை. அவரைக் காப்டனாக மீண்டும் சென்னைப் படைக்கு அனுப்பியது. ஓவியத்தால் உத்தியோகம் பெற்ற மனிதர்! டேனியல் உறவினர் இருவரும் தென்னாட்டில் சுற்றித் தீட்டிய படங்களை நாம் நாட்காட்டிகளிலும் பாடநூல்களிலும் பார்த்திருக்கிறோம். அவர்கள் இங்கே வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் கோபுரங்களை ஓவியத்தில் ஏற்றிக் கடல் கடத்தியவர் இவர். 1805-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த இந்துஸ்தானத்துக் காட்சிகள் இருபத்துநான்கு என்ற பெரிய பட நூலில் டேனியல் பெயரோடு கர்னல் வார்டு பெயரும் இடம் பெற்றது. ஆனால் அதைக் காண அவர் உயிரோடில்லை. 1794-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

அவர் மகன் பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு 1786-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை இறந்தபோது சிறுவனுக்கு எட்டு வயது. கர்னல் மகன்தானே, சீமையில் பெரிய பள்ளியில் படித்துப் பட்டாளத்துக்கு வந்திருப்பான் என்று நாம் எண்ணலாம். நடந்தது அதுவன்று. சென்னையிலேயே, நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தை ஒட்டி நடந்த நில அளவைப் பள்ளியில் சேர்ந்தான்.

அப்பள்ளியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாரின் முயற்சியால் 1794-ஆம் ஆண்டில் தோன்றியது அது. கம்பெனி கைப்பற்றிய நிலப்பரப்பு நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தது. அதை அளக்கவோ ஆள் இல்லை. சீமையிலிருந்து ஒருவரை வரவழைத்தால் செலவு அதிகம். ஆகவே சென்னை ஆண்கள் அநாதை விடுதியிலிருந்து கணக்கில் சூட்டிகையான பையன்களைப் பொறுக்கி எடுத்துத் தியோடலைட்டும் சங்கிலியும் கொடுத்துப் பழக்கினார்கள். அவர்களிற் பலர் ஆங்கிலத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். படையில் அதிகாரியாக முடியாது, வாணிகத்தில் முதல் இல்லை. வேறு கதியற்ற பிள்ளைகள். டாப்பிங் 1796-ஆம் ஆண்டில் இறக்க, அவர்க்குப் பின் கோல்டிங்காம் பொறுப்பேற்றார். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே இப்பிள்ளைகள் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று அந்த வயதில் நம் தம்பிமார் உயர்நிலைப் பள்ளியில் வடிவியற் பெட்டியைத் தொலைத்துவிட்டு ஆசிரியரிடம் நிற்கிறார்கள். அன்று அந்தப் பிள்ளைகள் கோதாவரிக் கரையிலும் சேலத்து மலையிலும் கூடாரமடித்துக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னாட்டின் முதல் நல்ல நிலப்படங்களை வரைந்த கைகள் பெரும்பாலும் இச்சிறுவர்களுடைய கைகளே.

தந்தை ஓவியர், மகன் நிலப்படம் வரைபவர் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பாவில் இவ்விரு தொழில்களும் நெடுங்காலம் ஒரே பட்டறையில் வளர்ந்தவை. செர்மனியில் நியூரம்பெர்க் நகரில் 1503-ஆம் ஆண்டில் பிறந்த அகஸ்டின் ஹிர்ஷ்போகல் என்பவர் கண்ணாடி ஓவியர் குடும்பத்துப் பிள்ளை. அந்நகரம் 1525-ஆம் ஆண்டில் சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவியதும், தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரம் வேண்டுவார் குறைந்தனர். குலத்தொழில் நலிந்தது. மனிதர் சோர்ந்தாரில்லை, மட்பாண்டத் தொழிலில் இறங்கிப் பார்த்தார், செப்புத் தகட்டில் இயற்கைக் காட்சிகளைச் செதுக்கினார், வடிவியல் நூல் எழுதினார், இறுதியில் வியன்னா நகருக்குச் சென்று 1547-ஆம் ஆண்டில் அந்நகரை முக்கோண முறையால் அளந்து படம் வரைந்தார். துருக்கியர் முற்றுகை 1529-ஆம் ஆண்டில் வந்து போன அச்சம் இன்னும் அடங்காத நகரம் அது. கோட்டை மதிலின் ஒவ்வொரு கோணமும் உயிர்நாடி. அவர் அந்நகரப் படத்தை ஒரு வட்ட மேசையின் மேற்பலகையில் வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார். அம்மேசை வியன்னாவின் நகர அருங்காட்சியகச் சேர்க்கையில் உள்ளது. கோட்டை, தெரு, கோயில் ஆகியவற்றைக் கண்ணால் கண்டபடி தீட்டுவதற்கும், அளந்தபடி வரைவதற்கும் இடையே ஒரு சிறு படிதான் இருக்கிறது. ஹிர்ஷ்போகல் அந்தப் படியைத் தம் ஒரே ஆயுளில் ஏறினார். வார்டு குடும்பத்துக்கு அதற்கு இரண்டு தலைமுறை வேண்டியிருந்தது.

நிற்க. பள்ளியை விட்ட இளைஞர் வார்டுக்கு வாய்த்த தலைவர் காலின் மெக்கன்சி. தமிழ் மாணவர்க்கு இப்பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர்ஊராகச் சேகரித்துச் சென்றவர்; அவர் சேர்த்தவற்றில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. 1799-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாடு முழுவதையும் அளக்கும் வேலை மெக்கன்சியிடம் வந்தது. அவர்க்கு வெறும் கோடுகள் போதவில்லை. படத்தோடு ஒரு விவர நூலும் வேண்டும் என்றார். ஊரில் எத்தனை வீடு, என்ன குடிகள், என்ன விளைகிறது, ஏரி எத்தனை, சந்தை என்றைக்கு, கோயில் யாருடையது, அதைப் பற்றிய பழங்கதை என்ன? இவை யாவும் எழுதப்பட வேண்டும். அவர் மேற்பார்வையில் வேலை பழகிய கூட்டத்தில் வார்டும் ஒருவர். நிலத்தை அளக்கப் போனவன் அந்நிலத்தில் வாழ்பவனையும் பார்த்து வர வேண்டும் என்ற பாடம் அங்கே அவர் உள்ளத்தில் ஊன்றியது.

இனித் திருவிதாங்கூருக்கு வருவோம். வேலுத்தம்பித் தளவாயின் எழுச்சி 1809-ஆம் ஆண்டில் அடக்கப்பட்ட கதை நாமறிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் அரணை உடைத்துக்கொண்டு கம்பெனிப் படை உள்ளே வந்தது. நாகர்கோயிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் பேருந்தில் இன்று காற்றாலைகளைப் பார்த்தபடி நாம் கடந்துவிடும் இடம் அது. தளவாய் உயிர் துறந்தார். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக வந்து சில காலம் திவான் பதவியையும் சேர்த்துப் பார்த்தார். 1815-ஆம் ஆண்டு முதல் இளவரசர் சுவாதித் திருநாளின் குழந்தைப் பருவத்தில் கௌரி பார்வதிபாயி அரசப் பிரதிநிதியாய் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். அதே 1815-ஆம் ஆண்டில் மெக்கன்சி இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளர் ஆனார். மறு ஆண்டில், 1816-இல், லெப்டினன்ட் வார்டும் லெப்டினன்ட் கானரும் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளக்கத் தொடங்கினார்கள். முன்னவர்க்கு வயது முப்பது. பின்னவர் குடகு நாட்டை அளந்த அனுபவத்தோடு வந்தவர்.

அவர்கள் கண்ட திருவனந்தபுரம் எப்படியிருந்திருக்கும் என்று பல மாலைகளில் நான் எண்ணிப் பார்த்ததுண்டு. இது எளிய கணக்குத்தான். இருப்பதிலிருந்து பின்னால் வந்தவற்றைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தம்பானூர் இரயில் நிலையத்தைக் கழியுங்கள். அது 1931-ஆம் ஆண்டில் வந்தது. அருங்காட்சியகத்தின் வண்ணக் கட்டடத்தை எடுத்துவிடுங்கள், அது 1880. தலைமைச் செயலகம் 1869. வானாய்வுக் கூடம் 1837. நம் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் வித்தான ஆங்கிலப் பள்ளி 1834. அவ்வளவும் போனபின் எஞ்சுவது என்ன? ஏழு நிலைக் கோபுரத்தோடு பத்மநாபசுவாமி கோயில், பத்மதீர்த்தக் குளம், கோட்டை மதில், அதனுள் அரண்மனையும் அக்கிரகாரங்களும். மதிலுக்கு வெளியே இராசா கேசவதாசர் வளர்த்த சாலைக் கடைத்தெரு. அப்புறம் தென்னையும் பலாவும் நெல்வயலும். கரமனை ஆற்றுக்குப் பாலம்கூட இல்லை. அது 1853-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இன்று நாகர்கோயிலிலிருந்து வரும் நம் நண்பர் பேருந்தில் தூங்கியபடியே தாண்டும் அந்த ஆற்றை வார்டின் கூட்டத்தார் கருவிப் பெட்டிகளோடு இறங்கித்தான் கடந்திருக்க வேண்டும்.

அளந்த முறையையும் சொல்லாவிடில் கலைப்பிரிவு மாணவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். எனினும் சொல்கிறேன், அழகான முறை அது. சமவெளியில் ஒரு நேர்கோட்டை மிக நுணுக்கமாக அளந்துகொள்வர். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றைத் தியோடலைட்டால் பார்த்து இரண்டு கோணங்களைக் குறிப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே கிடைத்துவிடும். நடந்து அளக்க வேண்டியதில்லை. கிடைத்த பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. இப்படியே வலைபோல நாடு முழுவதும் பரவலாம். லாம்டன் என்ற பெரியவர் சென்னையிலிருந்து குமரிமுனை வரையில் அத்தகைய முக்கோணங்களை முன்பே பின்னி வைத்திருந்தார். அவ்வலையின் கண்களை நிரப்புவதே வார்டு, கானர் இருவரின் வேலை. குன்றின்மேல் கொடி நட்டு நோக்குவர். பாதை நெடுக அளவுச் சக்கரத்தை உருட்டிச் செல்வர். ஆற்றின் வளைவு, ஊரின் இருப்பு, வயலின் எல்லை ஆகியவற்றைப் பலகையில் தாள் விரித்து அங்கேயே வரைவர். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்பது அக்காலச் சென்னை நில அளவையாளர் கைக்கொண்ட அளவு. மழைக்காலத்தில் வெளிவேலை நடவாது. அப்போது கூரையின்கீழ் அமர்ந்து படங்களைச் செப்பம் செய்வர்.

கணக்கு எளிது, காடு எளிதன்று. இந்நாட்டின் கிழக்கெல்லை முழுவதும் மலை. அகத்தியமலை முதல் ஏலமலை வரையில் ஆறு மாதம் மழையும் ஆறு மாதம் மூடுபனியும் அட்டையும் யானையுமாய் நிற்கும் அரண் அது. அதற்கும் மேலாகக் காட்டுக் காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதைச் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897-ஆம் ஆண்டில். வார்டின் நாளிலோ காட்டின் கெட்ட காற்றே காரணம் என்று நம்பி, நோய் வந்தால் மலையிறங்கி ஓடுவதன்றி வேறு வழி அறியார். அக்கால நில அளவைக் கூட்டங்களைப் பகைவர் அம்பைவிட இக்காய்ச்சல்தான் அதிகம் வீழ்த்தியது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, மறைப்பானேன்? வார்டு, கானர் என்று இரு பெயர்களையே உலகம் சொல்கிறது. சங்கிலி பிடித்தவர், கொடி நட்டவர், பெட்டி சுமந்தவர், சக்கரம் உருட்டியவர், காட்டில் வழி காட்டிய காணிக்காரர், ஊர்க் கணக்கை விரித்து வீட்டெண்ணிக்கை சொன்ன கணக்கர் ஆகிய இவர்கள் இல்லாமல் ஒரு மைலாவது அளந்திருக்க முடியுமா? அவ்வூர்ப் பெயர்களை ஆங்கில அதிகாரியின் காதில் தமிழிலும் மலையாளத்திலும் உச்சரித்தவர்கள் இவர்களே. அப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் எத்தனை கோணலாக விழுந்தாலும் அவற்றுள் ஒலிப்பது நம்மவர் குரல்தான். நூலின் முகப்பிலோ அவர்களுக்கு இடமில்லை.

1820-ஆம் ஆண்டில் வேலை முடிந்தது. ஐந்தாண்டு, ஏறக்குறைய ஏழாயிரம் சதுர மைல் திருவிதாங்கூர் மட்டும், கொச்சி அதற்கு மேல். படங்களோடு விவர நூலும் எழுந்தது. நாட்டின் அமைப்பு, மலை, ஆறு, காயல், விளைபொருள், வீடு கட்டும் முறை, சாதிகள், சமயங்கள் ஆகியவற்றைப் பொதுவாகக் கூறிப் பின் வட்டம் வட்டமாக விவரித்துச் செல்கிறது அது. எந்தச் சாலையில் எத்தனை தொலைவில் என்ன இருக்கிறது என்ற வழிக்குறிப்புகளும் உண்டு. திருவிதாங்கூரில் 1816-ஆம் ஆண்டில் எடுத்த கணக்குப்படி மக்கள்தொகை 9,06,587. இன்று ஒரு பெருநகரில் அடங்கிவிடும் தொகை. அன்று குமரியிலிருந்து கொச்சியின் எல்லை வரையில் பரந்திருந்த ஒரு நாடு!

நூலகத்தில் அந்நூலைப் புரட்டியபோது என்னைப் பிடித்து நிறுத்தியது எண்கள் அல்ல. ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டால் முதலில் மலையின் சாய்வு, பிறகு அதன் அடியில் தோட்டம், பிறகு பள்ளத்தாக்கில் இறங்கும் வயல், வயலினூடே வளையும் ஆறு என்று கண் தொலைவிலிருந்து அருகே வருகிறது. ஒரு காட்சியைச் சட்டத்துக்குள் அமைக்கும் ஓவியனின் முறையல்லவா இது? திருச்சி மலைக்கோட்டையைத் தீட்டிய தந்தையின் கண் மகனிடம் வந்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டது என்று எண்ணுகிறேன். கருத்து என்னுடையது, மறுப்பார் மறுக்கலாம்.

ஆனால் இந்நூலை வெறும் அழகுக் காட்சி என்று கொள்வது பிழை. கம்பெனி நிலவியலின்மேல் காதல்கொண்டு பணம் செலவிட்டதா? இல்லை. ஏழாண்டுகளுக்கு முன் தன்னை எதிர்த்து வாளெடுத்த நாடு இது. பீரங்கி எந்த வழியில் செல்லும், படைக்கு எங்கே நெல் கிடைக்கும், கணவாயை எத்தனை பேர் காக்கலாம் என்பவை எல்லாம் அதற்கு வேண்டியிருந்தன. நிலப்படம் ஆட்சியின் கைக்கருவி. அளக்கப்பட்ட நாடு பாதி பிடிபட்ட நாடு. இதை மறந்துவிட்டு வார்டைப் பாராட்டினால் நம் வரலாற்றறிவு குறையுடையதாகும்.

இருந்தும் பாராட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஆட்சிக்கு வேண்டாத ஒன்றையும் அந்நூல் எழுதி வைத்தது. வயலில் உழைத்த அடிமைக் குடிகளின் நிலையை அது விவரிக்கிறது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட காலம் அது. அரண்மனைப் பதிவுகளில் அவர்கள் சொத்து. கோயிற் பதிவுகளில் தீட்டு. இந்த நூலிலோ, குறைந்த அளவிலேனும், இன்ன இடத்தில் இன்னபடி வாழும் மனிதர்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டில்தான். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னைய நிலையை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் இந்நூலின் கதவைத் தட்டாமல் இருக்க முடியவில்லை. படைக்குப் பாதை தேடப் போனவர் வயலில் நின்ற மனிதனையும் பார்த்துவிட்டார், பார்த்ததை எழுதியும்விட்டார்.

திருவிதாங்கூர் வேலையோடு நுகத்தடி அவிழ்ந்தது. கானர் வேறு பணிக்கு மாறினார். 1821-ஆம் ஆண்டில் இறந்துபோனார். வயது முப்பத்திரண்டு இருக்கலாம். அதே ஆண்டில் ஆசானாகிய மெக்கன்சியும் கண்மூடினார். வார்டு தனியானார். தனியாகவே திண்டுக்கல் சீமைக்குள் நுழைந்தார்.

1821-ஆம் ஆண்டு மே மாதம். வெயில் கொளுத்தும் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வெள்ளகவி என்ற குன்னுவர் ஊரில் தங்கி, அங்கிருந்து மேலே சென்றார் வார்டு. அவ்வூர் மிக அண்மைக் காலம் வரையில் நடைபாதையை நம்பியே வாழ்ந்த மலையூர். மேலே சென்றவர் கண்டது நாம் இன்று கொடைக்கானல் என்று சொல்லும் மலைவெளி. ஏரி அப்போது கிடையாது; அது 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் என்ற அதிகாரி அணைகட்டி உண்டாக்கியது. அமெரிக்கப் பாதிரிமார் அங்கே வீடு கட்டியது 1845-ஆம் ஆண்டில். அவர்களுக்கெல்லாம் முன் அம்மலைமேல் ஏறிய முதல் ஐரோப்பியர் வார்டு என்று எழுதுவர். முதல் ஐரோப்பியர் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். குன்னுவரும் பளியரும் பல தலைமுறையாய் அங்கே வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். கண்டுபிடித்தார் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். வராககிரி என்ற பெயரால் அம்மலைகளைப் பற்றி வார்டு எழுதிய குறிப்பு, அவர் இறந்தபின் 1837-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த ஓர் இலக்கிய, அறிவியல் இதழில் அச்சாயிற்று. அங்குள்ள ஊர்களையும் பயிர்களையும் மக்களின் நடைமுறைகளையும் அதில் காணலாம்.

அடுத்து நீலகிரி. கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன் அம்மலையைப் பற்றி ஊரெல்லாம் பறைசாற்றிக்கொண்டிருந்த நேரம். 1821, 1822-ஆம் ஆண்டுகளில் வார்டு அதை அளந்தார்; அப்போது காப்டன் ஆகியிருந்தார். தோடர், படகர், கோத்தர் முதலியோரைப் பற்றிய அவர் விவரங்கள், ஆறு பத்தாண்டுகளுக்குப் பிறகு 1880-ஆம் ஆண்டில் கிரிக் என்பவர் எழுதிய நீலகிரி மாவட்டக் கையேட்டின் பின்னிணைப்பாக வந்தன. உதகைக்கு உல்லாசப் பயணம் சென்றுவந்த நம் மாணவர்கள் படகுக் குழாமையும் தாவரத் தோட்டத்தையும் பற்றி மலருக்குக் கட்டுரை தருகிறார்கள். ஒருமுறையேனும் அப்பின்னிணைப்பைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாகாதா என்று தோன்றுகிறது. போகட்டும்.

பிறகு மலபார். 1820-களின் பெரும்பகுதி அவர்க்கு அங்கே கழிந்தது. வயநாட்டுக் காடுகள் காய்ச்சலுக்குப் பேர்போனவை. குறும்பரும் குறிச்சியரும் பழசிராசாவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட அதே காடுகளில் சங்கிலி இழுத்துக்கொண்டு நடந்தார். ஒருவேளை சிலர் அவரை முறைத்திருப்பர். யாரும் முறைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலபார் விவர நூல் 1906-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் அச்சானது. அதுவும் வார்டு, கானர் என்ற இருவர் பெயராலேயே வழங்குகிறது. கானர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டு ஆனபின்னும் அவரை நுகத்திலிருந்து அவிழ்க்க உலகுக்கு மனம் வரவில்லை போலும்.

சிறுவயது முதல் கூடாரத்திலேயே வாழ்ந்த உடல் எத்தனை நாள் தாங்கும்? அக்காலத்தில் இந்தியாவில் உடல்நலம் கெட்ட கம்பெனி அதிகாரிகள் நன்னம்பிக்கை முனைக்குச் செல்வது வழக்கம். வார்டும் அங்கேயே 1835-ஆம் ஆண்டில் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. சென்னையில் வளர்ந்து, தென்னாட்டின் மலைகளையெல்லாம் மிதித்தவர்க்கு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஆறடி நிலம். அந்நிலத்தை அளந்தவர் யாரோ!

திருவிதாங்கூர் விவர நூல் அவர் கண்முன் அச்சேறவில்லை. 1863-ஆம் ஆண்டில்தான் திருவனந்தபுரத்து அரசாங்க அச்சகம் அதை வெளியிட்டது. ஆயில்யம் திருநாள் ஆண்ட காலம், மாதவராவ் திவானாயிருந்த காலம். எந்த அரசை அளந்து கம்பெனிக்குத் தெரிவிக்க அந்நூல் எழுதப்பட்டதோ அந்த அரசே அதைத் தன் செலவில் அச்சிட்டது. நாகம் அய்யா தம் திருவிதாங்கூர் நாட்டுக் கையேட்டை 1906-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது அதிலிருந்து அள்ளி எடுத்துக்கொண்டார். பின்வந்தோர் நாகம் அய்யாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

தந்தையின் பத்து ஓவியங்கள் கம்பெனியின் உடைமையாய் இருந்து, பிறகு பிரிட்டிஷ் நூலகச் சேர்க்கையில் இலண்டனில் தங்கிவிட்டன. அவற்றைக் காண நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்குமோ அறியேன். மகனுடைய நூலுக்கு மறுபதிப்பு உண்டு. திருவனந்தபுரத்தில் தேடினால் கிடைக்கும். விருப்பமுள்ளவர்கள் தத்தம் வட்டத்தைத் திறந்து பார்க்கலாம். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இரு நூற்றாண்டுப் பழமையுடையது. கண்ணால் தேடினால் அகப்படாது. நூலக அலுவலர் அதட்டாத அளவுக்கு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தோவாளையும் நெய்யாற்றின்கரையும் செங்கோட்டையும் தாமே எழுந்து வரும்.